விண்ணப்பத்தில் ஒரு கட்டம்: முகாம் பிள்ளைகளும் பல்கலைக்கழக வாசலும்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மரக்காணம் போகும் பஸ்ஸில் ஏறினால் கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம், பிள்ளைச்சாவடி தாண்டிக் காலாப்பட்டு வரும். 1985-இல் தொடங்கப்பட்ட மத்தியப் பல்கலைக்கழகத்தின் வாசல் அங்கே இருக்கிறது. கேரளம், ஒடிசா, வடகிழக்கு மாநிலங்கள் என்று எங்கிருந்தெல்லாமோ வந்த பிள்ளைகள் முதுகுப் பையோடு இறங்குவார்கள். பஸ் மேலும் கால் மணி நேரம் ஓடினால் கீழ்ப்புத்துப்பட்டு. அய்யனார் கோயிலுக்குப் பொங்கல் வைக்க வருகிறவர்கள் இறங்கும் அந்த ஊரில்தான் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கும் முகாமுக்கும் ஒரே சாலை, ஒரே கடற்காற்று. அங்கே பிறந்து வளர்ந்த ஒரு பிள்ளை அந்த வாசலுக்குள் மாணவராக நுழைவதற்கு எத்தனை மேசைகளைக் கடக்க வேண்டியிருக்கிறது என்பதை விளக்கத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கடலூர்க்காரன். ஒரு கல்லூரி அலுவலகத்தின் சேர்க்கைப் பிரிவில் எழுத்தராக இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்திருந்தவன் என்பதால் ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியும். புகலிடம் தேடி வந்த குடும்பத்துப் பிள்ளைகளை உயர்கல்வியிலிருந்து தள்ளி நிறுத்துவதில் மதிப்பெண்ணுக்குப் பங்கு குறைவு. பணத்துக்குப் பங்கு உண்டு, ஆனால் அதற்கு முன்பே வேலையை முடித்துவிடுவது விண்ணப்பத்தில் உள்ள ஒரு கட்டம்தான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதப் பிற்பகல். குறிஞ்சிப்பாடியில் ஒரு பிரவுசிங் சென்டர். அந்த ஊர் முகாமிலிருந்து ஒரு மாணவி தன் அப்பாவோடு வந்திருந்தாள். பிளஸ் டூவில் 600-க்கு 541. கணிதத்தில் இன்னும் மேலே படிக்க வேண்டும் என்ற தெளிவு முகத்திலேயே தெரிந்தது. அப்பா பெயிண்டிங் வேலை செய்கிறவர்; கழுவிவிட்டு வந்த கையிலும் நகக்கண்ணில் வெள்ளைச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. பெயர், பிறந்த தேதி, பள்ளி எல்லாம் தடையில்லாமல் நிரம்பின. ‘குடியுரிமை’ என்ற இடம் வந்ததும் விரல் நின்றது. ‘இந்தியர்’, ‘வெளிநாட்டவர்’ என்று இரண்டே தேர்வுகள். ‘வெளிநாட்டவர்’ என்று தொட்டதும் பாஸ்போர்ட் எண், விசா எண் என்று சிவப்பு நட்சத்திரக் குறியோடு புதிய கட்டங்கள் விழுந்தன. கட்டணம் ரூபாயிலிருந்து டாலருக்கு மாறியது. ‘இந்தியர்’ என்று தொட்டால் சாதிச் சான்றிதழ் எண், இருப்பிடச் சான்றிதழ் எண். அவளிடம் எந்த எண்ணும் இல்லை. “சேர், இதில் எதைப் போடுவது?” என்று திரும்பிக் கேட்டாள். நம் பிள்ளைகள் ‘சார்’ என்பதை முகாமில் வளர்ந்த பிள்ளைகள் பலர் இன்றும் வீட்டில் கேட்டபடி ‘சேர்’ என்றுதான் சொல்கிறார்கள்.

அவள் பிறந்தது நம் மாவட்டத்து அரசு மருத்துவமனையில். பிறப்புச் சான்றிதழ் தமிழ்நாடு அரசு கொடுத்தது. ஆதார் அட்டை இருக்கிறது, ஏனென்றால் ஆதார் இங்கே வசிப்பவருக்கான அடையாளம். குடிமகன் என்பதற்கான சான்று அல்ல. ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. இலங்கையை அவள் பார்த்ததே இல்லை. அப்படியிருந்தும் சட்டத்தின் கண்ணில் அவள் இந்தியர் அல்ல.

இதன் காரணம் குடியுரிமைச் சட்டத்தில் உள்ள சில தேதிகள். 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்பு வரை இந்திய மண்ணில் பிறந்த எவரும் பிறப்பாலேயே குடிமக்கள். 1987 ஜூலை 1 முதல் பிறந்தவர்களுக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்று விதி இறுகியது. 2004 டிசம்பர் 3-இலிருந்து இன்னும் இறுகியது: ஒருவர் இந்தியராக இருந்தாலும், மற்றவர் ‘சட்டவிரோதமாகக் குடியேறியவர்’ என்ற வகைக்குள் வரக்கூடாது. போருக்குத் தப்பிப் படகில் வந்தவரிடம் விசா ஏது? ஆகவே உள்ளூர்ப் பெண்ணை மணந்த முகாம் இளைஞரின் குழந்தைகூடக் கோட்டுக்கு வெளியே போய்விடுகிறது. இந்தத் தேதிகளின் வலிமையைக் காட்ட ஒரு வழக்குப் போதும். மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண், தான் 1987-க்கு முன் பிறந்தவள் என்ற ஒரே ஆதாரத்தில் நீதிமன்றம் போனார். அவருக்கு இந்தியப் பாஸ்போர்ட் வழங்க 2022-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அவர் வாக்களித்தார். இரண்டு வருடம் தள்ளிப் பிறந்திருந்தால் அந்த வழியில் எதுவும் கிடைத்திருக்காது. இன்று பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளோ எல்லோரும் 2004-க்குப் பிறகு பிறந்தவர்கள்.

இந்தியா 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையிலும் 1967 நெறிமுறையிலும் கையெழுத்திடவில்லை. அகதி என்றால் யார், அவருக்கு என்ன உரிமை என்று சொல்லும் தனிச் சட்டமும் நம்மிடம் இல்லை. அதனால் நாற்பது ஆண்டுகளாக இங்கே இருக்கிறவரும் வெளிநாட்டவர் சட்டத்தின் கீழ்தான் வருகிறார். பழைய சட்டங்களுக்குப் பதிலாக 2025-இல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் வந்தபோது, 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டனை கிடையாது என்று மத்திய அரசு விலக்கு அளித்தது. இது நல்ல மாற்றம், நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் தண்டனை இல்லை என்பது குடியுரிமை உண்டு என்பது ஆகாது. விண்ணப்பத்தின் அந்தக் கட்டம் அப்படியேதான் இருக்கிறது.

கதவு எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு படகுகள் ராமேசுவரம் கரையில் வந்து இறங்கத் தொடங்கியபோது தமிழ்நாடு இருகை நீட்டி வரவேற்றது. ஈழ மாணவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் அரசு தனி இடங்களையே ஒதுக்கியது. கடலூர், புதுச்சேரிக் கல்லூரி விடுதிகளில் யாழ்ப்பாணத்துப் பேச்சு கேட்ட காலம் அது. 1991 மே 21 எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு சலுகைகள் நின்றன, பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளவே கல்வி நிலையங்கள் தயங்கின. அந்தக் கொலையோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத பிள்ளைகள் படிக்க வேண்டிய சில ஆண்டுகளை இழந்தார்கள். 1990-களின் நடுப்பகுதிக்குப் பிறகுதான் கதவு மெல்ல மெல்ல மறுபடியும் திறந்தது, அதுவும் பழைய அகலத்துக்குத் திறக்கவில்லை. 1983-இலிருந்து மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். பலர் திரும்பினார்கள், பலர் வேறு நாடுகளுக்குப் போனார்கள். 2021-இல் அரசு சொன்ன கணக்குப்படி 108 முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர், முகாமுக்கு வெளியே காவல் நிலையப் பதிவோடு 34,000 பேர். கடலூர் மாவட்டத்தில் குறிஞ்சிப்பாடி, விருத்தாசலம், காட்டுமன்னார்கோவில் என்று முகாம்கள் இருக்கின்றன. நம்மில் பலர் அந்த வாசல்களைப் பஸ்ஸில் கடந்து போயிருப்போம், இறங்கியிருக்க மாட்டோம்.

இதை எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு முகாம் பையன் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பத்தோடு வந்தான். சாதிச் சான்றிதழ் இணைக்கப்படவில்லை. “வாங்கிக்கொண்டு வா” என்று திருப்பி அனுப்பினேன். முகாமில் இருப்பவர்களுக்கு அது வழங்கப்படுவதில்லை என்று எனக்குத் தெரியாது; அதைச் சொல்லவும் அவனுக்குத் துணிவில்லை. மூன்று நாள் கழித்து வருவாய் ஆய்வாளரின் கடிதத்தோடு வந்தான். அதற்குள் பட்டியல் ஒட்டியாகிவிட்டது. என் மேலதிகாரிக்கும் தெரிந்திருக்கவில்லை. பொதுப்பிரிவில் வைத்துப் பார்த்திருந்தாலே அவன் மதிப்பெண்ணுக்கு இடம் இருந்தது என்பதைப் பிறகு நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவன் அந்த ஆண்டு எங்கே சேர்ந்தான், சேர்ந்தானா என்பதை நான் விசாரிக்கவில்லை. விசாரித்திருக்க வேண்டும்.

நம் பக்கத்து நிலைமையை உலகத்தோடு வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகும். புகலிடம் கோருவோர் என்பவர் தன் கோரிக்கைக்கு முடிவு வராமல் காத்திருப்பவர். முடிவு சாதகமாக வந்தவர் அகதி. ஏட்டில் இந்த வேறுபாடு சிறியது. பதினெட்டு வயதில் அது மலைபோல. விசாரணை, மேல்முறையீடு என்று ஐந்து ஆண்டு, எட்டு ஆண்டு இழுக்கிறது. படிக்க வேண்டிய வயது அதற்காகக் காத்திருப்பதில்லை. 1948-ஆம் ஆண்டு மனித உரிமைப் பிரகடனத்தின் 26-ஆவது பிரிவு, உயர்கல்வி தகுதியின் அடிப்படையில் எல்லோருக்கும் சமமாகத் திறந்திருக்க வேண்டும் என்கிறது. 1951 உடன்படிக்கையின் 22-ஆவது பிரிவு இன்னும் நுணுக்கமானது: வெளிநாட்டுச் சான்றிதழை ஏற்பது, கட்டணத்தைத் தள்ளுவது, உதவித்தொகை வழங்குவது ஆகிய மூன்றையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. எழுபது ஆண்டுகளுக்கு முன்பே யாரோ ஒருவர் சேர்க்கைக் கவுண்டரில் என்னென்ன இடறும் என்று யோசித்திருக்கிறார். உலக அளவில் அகதி இளைஞர்களில் உயர்கல்வி பெறுவோர் கொஞ்ச காலம் முன்பு வரை நூற்றுக்கு ஒருவர்தான், 2024-இல் ஐ.நா. அகதிகள் ஆணையம் சொன்ன அளவு 7 சதவீதம். 2030-க்குள் 15 சதவீதம் என்பது அந்த ஆணையம் வைத்திருக்கும் இலக்கு.

புதுச்சேரிக்கும் இந்த உலகக் கதைக்கும் நேரடித் தொடர்பே உண்டு. 2014 ஜூனில் புதுச்சேரிக் கரையிலிருந்து ஒரு படகு ஆஸ்திரேலியாவை நோக்கிப் புறப்பட்டது. அதில் 157 ஈழத் தமிழர்கள்; குழந்தைகளும் பலர் இருந்தார்கள். கிறிஸ்துமஸ் தீவுக்கு அருகே ஆஸ்திரேலியக் கப்பல் அவர்களை மறித்து ஒரு மாத அளவுக்குக் கடலிலேயே வைத்திருந்தது. பிறகு அந்நாட்டுத் தடுப்பு முகாமுக்கும் அங்கிருந்து நவுருத் தீவுக்கும் கொண்டுபோனது. கடலில் வைத்திருந்தது சட்டப்படி செல்லும் என்று 2015-இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. உயிரைப் பணயம் வைத்து ஏன் போனார்கள் என்று கேட்பவர்களிடம் நான் ஒன்றைத்தான் சொல்வேன்: எதிர்காலம் என்று காட்ட ஏதாவது இருந்தால் பிள்ளைகளோடு படகில் ஏற யாருக்கும் மனம் வராது.

ஆனால் போய்ச் சேர்ந்தாலும் பல்கலைக்கழகம் எட்டிவிடுவதில்லை. ஆஸ்திரேலியாவில் தற்காலிக விசாவில் இருப்பவர் அந்நாட்டுப் பள்ளியிலேயே படித்து வந்தாலும் வெளிநாட்டு மாணவருக்கான முழுக் கட்டணம் கட்ட வேண்டும். பிரிட்டனிலும் புகலிடக் கோரிக்கை நிலுவையில் இருப்பவருக்கு மாணவர் கடன் கிடையாது, கட்டணமும் வெளிநாட்டவர் கட்டணம்தான். அங்கே இதை உடைத்தது பல்கலைக்கழகங்களே. ஹெலனா கென்னடி அறக்கட்டளை மனித உரிமைப் பிரகடனத்தின் அந்த 26-ஆவது பிரிவின் எண்ணையே பெயராக வைத்து ‘ஆர்ட்டிகிள் 26’ என்ற திட்டத்தைத் தொடங்கி ஒவ்வொரு பல்கலைக்கழகமாகப் பேசியது. கோரிக்கை நிலுவையில் இருந்தாலும் உள்நாட்டு மாணவராகவே கருதுவது, கட்டணத்தைத் தள்ளிவிடுவது, பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் சிறு தொகை கொடுப்பது என்று பல நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. அரசு சட்டத்தை மாற்றவில்லை. சேர்க்கை விதியைத் தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்ட அளவில் பல்கலைக்கழகங்கள் மாற்றிக்கொண்டன. நான் இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

சான்றிதழ் இல்லாதவர்களுக்கு ஜெர்மனி கண்ட வழி நுட்பமானது. வீடு எரிந்தபோது மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொண்டு ஓட முடியாது. 2015-இல் லட்சக்கணக்கானோர் வந்து சேர்ந்ததும் அந்நாட்டு மாநிலக் கல்வி அமைச்சர்கள் மூன்று படிகளை வகுத்தார்கள். முதலில் அவர் உண்மையில் தப்பி வந்தவரா என்று பார்ப்பது. அடுத்து அவர் சொல்லும் கல்வி வரலாறு நம்பத்தக்கதா என்று கேள்வி கேட்டு அறிவது. கடைசியில் தேர்வோ மதிப்பீடோ வைத்து முடிவு செய்வது. ஐரோப்பிய மன்றம் 2017-இல் நார்வேயின் அனுபவத்தை வைத்து அகதிகளின் படிப்பை மதிப்பிட்டுத் தரும் ‘தகுதிக் கடவுச்சீட்டு’ ஒன்றை உருவாக்கியது. நம் முகாம்களில் இந்தச் சிக்கல் குறைவு, ஏனென்றால் பிள்ளைகள் இங்கேயே படித்தவர்கள். ஆனால் 2006 முதல் 2009 வரை கடைசிப் போரின்போது வந்தவர்கள் இலங்கைப் பள்ளித் தேர்வுகளான ஓ-லெவல், ஏ-லெவல் பாதியில் விட்டுவிட்டு வந்தார்கள். 2022-இல் இலங்கைப் பொருளாதாரம் சரிந்தபோது தனுஷ்கோடி மணல் திட்டுகளில் இறங்கி மண்டபத்தில் தங்கவைக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் இதே கேள்விதான். 2021 ஆகஸ்டில் காபூல் வீழ்ந்த நாளில் இந்திய விடுதிகளில் இருந்த ஆஃப்கன் மாணவர்கள் ஒரே இரவில் திரும்பிப் போக இடமில்லாதவர்களாக ஆனதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது கனடா முறை. அங்கே ஓர் அமைப்பு 1978-இலிருந்து அகதி முகாம்களில் இருக்கும் இளைஞர்களைத் தேர்ந்தெடுத்துப் பல்கலைக்கழகங்களில் சேர்க்கிறது. பணத்தின் பெரும்பங்கு அந்தந்த வளாக மாணவர்களிடமிருந்தே வருகிறது. ஒவ்வொரு மாணவரும் தன் கட்டணத்தோடு ஒரு சிறு தொகையைச் சேர்த்துக் கட்டுகிறார். சேர்ந்த பிள்ளை விமான நிலையத்தில் இறங்கும்போது அழைத்துவர அந்த மாணவர்களே போய் நிற்கிறார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இப்படிப் படித்திருக்கிறார்கள். ஐயாயிரம் பேர் படிக்கும் ஒரு கல்லூரியில் தலைக்குப் பத்து ரூபாய் என்று வைத்தால் ஐம்பதாயிரம் ரூபாய். அரசுக் கல்லூரியில் பல பிள்ளைகளின் ஓராண்டுச் செலவை அது தாங்கும்.

நம் அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு முகாம் மக்களுக்கு 317 கோடி ரூபாய் அளவில் திட்டங்களை அறிவித்தது. 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தருவதும், மதிப்பெண் அடிப்படையில் முதல் 50 பொறியியல் மாணவர்களின் கல்வி, விடுதிச் செலவை ஏற்பதும், கலை அறிவியல் மாணவர்களின் உதவித்தொகையை உயர்த்துவதும் அவற்றில் இருந்தன. ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியதும் அப்போதுதான். பெயரில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்டார்கள். பள்ளி மாற்றுச் சான்றிதழின் முகவரி வரியில் ‘அகதிகள்’ என்ற சொல்லைச் சுமந்து திரிந்த பிள்ளையைக் கேட்டால் தெரியும்.

ஆனால் உதவித்தொகை என்பது சேர்ந்த பிறகு வருவது. சேர்வதற்கு முன் வேண்டியது வேறு. சேர்க்கை நாளன்று கட்ட வேண்டிய தொகை உடனே கையில் இருக்க வேண்டும். உதவித்தொகையோ மாதங்கள் கழித்து வங்கிக்கு வரும். வங்கிக் கல்விக் கடன் இந்தியக் குடிமக்களுக்கு என்று விதி. ஆக அந்த இடைவெளியை நகையோ வட்டிக்காரரோதான் நிரப்புகிறார்கள். முகாமில் இருக்கிறார் என்பதற்குச் சான்று, வருவாய்த் துறைக் கடிதம், சில படிப்புகளுக்குக் கியூ பிரிவு போலீஸின் விசாரணை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் கூலி போகிறது. முகாமில் கணக்கெடுப்பு நாளில் குடும்பத்தினர் நேரில் இருக்க வேண்டும். அந்த நாளும் கலந்தாய்வு நாளும் ஒன்றாக வந்தால் அப்பாவும் பிள்ளையும் எங்கே போவது என்று தவிப்பார்கள். இதெல்லாம் தனித்தனியே பார்த்தால் சின்னச் சின்ன விஷயம். ஜூன் மாதத்தின் இரண்டு வாரத்துக்குள் எல்லாம் சேர்ந்து வரும்போதுதான் ஒரு பிள்ளை “விடுங்கள் சேர், அடுத்த வருடம் பார்க்கலாம்” என்று சொல்கிறது. அடுத்த வருடம் அது ஏதாவது துணிக்கடையில் நின்றுகொண்டிருக்கும்.

கீழ்ப்புத்துப்பட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொரு எல்லையும் இருக்கிறது. முகாம் விழுப்புரம் மாவட்டத்தில், அதாவது தமிழ்நாட்டில். பத்து நிமிடத்தில் வரும் கனகசெட்டிக்குளமும் காலாப்பட்டும் புதுச்சேரி. வேலைக்கும் மருத்துவமனைக்கும் கடைக்கும் அவர்கள் போவது புதுச்சேரிக்குத்தான். ஆனால் புதுச்சேரி மாணவர்களுக்கு என்று ஒதுக்கிய இடங்கள் அங்கே குடியிருப்புச் சான்று பெற்றவர்களுக்கு. தமிழ்நாட்டின் உதவிகள் தமிழ்நாட்டுத் துறை வழியாக. எந்தக் கல்லூரி எந்தப் பட்டியலில் வரும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவே இரண்டு அரசுகளின் அலுவலகங்களுக்கு அலைய வேண்டும். 1908-இல் ஆங்கிலேயர் பிடியிலிருந்து தப்பிப் பாரதி வந்து தங்கியது இந்தப் புதுச்சேரியில்தான். அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் 1910-இல் வந்தார்கள். எல்லையைத் தாண்டி வந்தவருக்கு இடம் கொடுத்ததை இந்த ஊர் நூறு ஆண்டுகளாகப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. அந்தப் பெருமையின் பெயரால் கேட்கிறேன்: எல்லைக்கு அடுத்த பக்கம் இருக்கும் ஒரு முகாமுக்காக, அதன் பிள்ளைகளுக்கு என்று ஆண்டுக்குச் சில இடங்களைப் புதுச்சேரிக் கல்லூரிகள் ஒதுக்கக் கூடாதா?

இதுவரை இந்தப் பிள்ளைகள் படித்திருக்கிறார்கள் என்றால், அதில் பெரும்பங்கு அவர்களுடைய சொந்த முயற்சி. ஈழத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் (செல்வநாயகம்) மகன் சந்திரகாசன் 1984-இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம்களில் கல்வியையே முதல் வேலையாக எடுத்துக்கொண்டது. பத்துக்குப் பத்து வீட்டில் ஐந்து பேர் இருக்கும்போது படிக்க இடம் வேண்டும் என்று மாலைநேர வகுப்புகள் நடந்தன. முகாமில் பட்டம் பெற்ற அக்காமாரும் அண்ணன்மாரும் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எந்தக் கல்லூரியில் யாரைப் பார்க்க வேண்டும், எந்தக் கடிதத்தில் எந்த முத்திரை இருந்தால் ஏற்பார்கள் என்ற அறிவு எந்த அறிவிப்பிலும் இருக்காது. அது ஒரு வருடம் படித்தவரிடமிருந்து அடுத்த வருடத்துப் பிள்ளைக்கு வாய்வழியாகப் போகிறது. நான் இப்போது மே, ஜூன் மாதங்களில் செய்வதும் அந்தச் சங்கிலியில் ஒரு சின்னக் கண்ணிதான்: கூடவே போய் நிற்பது. கவுண்டருக்கு உள்ளே இருப்பவரின் மொழியில் பேச எனக்குத் தெரியும் என்பதால் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

பட்டம் வாங்கிய பிறகு என்ன என்ற கேள்வியை விட்டுவிட்டு உயர்கல்வி பற்றிப் பேச முடியாது. பொறியியல் முடித்த முகாம் இளைஞர்கள் பெயிண்டிங் வேலைக்குப் போவது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. வளாக நேர்காணலில் தேறினாலும், ஆவணச் சரிபார்ப்பில் பாஸ்போர்ட் கேட்கும்போது நிறுவனங்கள் தயங்குகின்றன. அதைப் பார்க்கும் தம்பிக்கு “எதற்கு நாலு வருடம்?” என்று தோன்றத்தான் செய்யும். குடியுரிமைக் கேள்விக்கு விடை தில்லியில்தான் இருக்கிறது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையிலிருந்து வந்தவர்களைச் சேர்க்கவில்லை. முகாம்வாசிகளில் கணிசமானோர் மலையகத் தமிழர்கள், அதாவது பாட்டன் பூட்டன் இங்கிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்கள் என்பதும் அங்கே எடுபடவில்லை. அந்தப் போராட்டம் நடக்கட்டும், நடக்க வேண்டும்.

ஆனால் விண்ணப்பத்தின் கட்டத்துக்கு நாடாளுமன்றம் தேவையில்லை. பிரிட்டன் பல்கலைக்கழகங்களைப் பற்றி அழுத்திச் சொன்னது இதற்காகத்தான். ‘இந்தியர்’, ‘வெளிநாட்டவர்’ என்ற இரண்டுக்குக் கீழே ‘இலங்கைத் தமிழர் – மறுவாழ்வு முகாம் / காவல் நிலையப் பதிவு’ என்று மூன்றாவது வரி. அதைத் தேர்ந்தெடுத்தால் பாஸ்போர்ட் எண்ணுக்குப் பதில் முகாம் அடையாள அட்டை எண். கட்டணம் ரூபாயில், உள்ளூர் மாணவருக்கு உள்ளதே. சாதிச் சான்றிதழ் கட்டத்தில் ‘பொருந்தாது’. சேர்க்கை அறிவிப்பின் கடைசியில் இது பற்றிக் கேட்க ஒரு தொலைபேசி எண், அதை எடுப்பவருக்கு விதி தெரிந்திருக்க வேண்டும். சேர்க்கைக் குழுவின் ஒரு கூட்டமும் கணினிப் பிரிவின் ஒரு பிற்பகலும் போதும். நான் அந்தக் கூட்டங்களில் குறிப்பெடுத்தவன். இதைவிடச் சிக்கலான மாற்றங்கள் தேநீர் வருவதற்குள் நிறைவேறியதைப் பார்த்திருக்கிறேன்.

குறிஞ்சிப்பாடி மாணவியின் விஷயம் அன்று இப்படி முடிந்தது. இணையத்தில் நிரப்ப முடியாததை ஓர் அரசுக் கல்லூரி அலுவலகத்தில் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தோம். அங்கே இருந்த அம்மா ஒருவர் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, ‘குடியுரிமை’ என்பதற்கு எதிரே பேனாவால் ‘இ.த. மறுவாழ்வு முகாம்’ என்று எழுதிப் பக்கத்தில் சுருக்கொப்பமிட்டார். பி.எஸ்.சி. கணிதம் கிடைத்தது. இப்போது கடைசி ஆண்டு. முதுநிலைக்குக் காலாப்பட்டுக்குப் போக ஆசைப்படுகிறாள். அதற்கான நுழைவுத் தேர்வின் விண்ணப்பத்தை இணையத்தில் மட்டும்தான் நிரப்ப முடியும், பேனா பிடிக்க அங்கே யாரும் இல்லை. போன வாரம் போனில் கேட்டாள்: “சேர், அந்தக் கட்டத்தை இந்த முறை மாற்றியிருப்பார்களா?” தேர்வு நடத்துபவர்களுக்குப் பதிவுத் தபாலில் கடிதம் எழுதியிருக்கிறேன். ஒப்புகை அட்டை திரும்பி வந்திருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.